காலையில் கழலும் வளையல்

என் மகள் பிறந்ததும் எப்படி அழுதாள் என்று எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன். அம்மா, "பூனைக்குட்டி மாதிரி, லேசாட்டி" என்றாள். என் கணவர், "லேசாவா? தெருவே கூடுத மாதிரில்லா அழுதா" என்றார். இருவரும் ஆபரேஷன் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தவர்கள். அத்தையிடம் கேட்டேன். என் கணவரின் அம்மாவை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "நான் எங்கன கேட்டேன்? உன் சத்தம் வராதான்னுல்லா எனக்குக் காது போச்சு" என்றாள். மூன்று பேரில் ஒருத்தியாவது உண்மையைச் சொன்னாளே என்று நினைத்துக்கொண்டேன்.

பெற்றவள் நான். அவள் அழுதபோது அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் மயக்கத்தில் கிடந்தேன். கண் விழித்து, ஆள் தெரிந்து, பேச்சு வருவதற்கு இரண்டு நாளாகிவிட்டது. அதற்குள் எல்லாரும் குழந்தையைப் பார்த்து முடித்து, மூக்கு யாருடைய மூக்கு என்று சண்டையும் போட்டு முடித்திருந்தார்கள். கடைசியாகப் பார்த்தது நான்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்புக் கை மட்டும் அசைந்தது. "உன் பிள்ளைதாம்மா" என்று நர்ஸ் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அந்த நர்ஸ் மேலேயே காட்டினேன், பாவம்.

முதல் பிள்ளைக்கு அம்மா வீடு. ஏழாம் மாதம் வள்ளியூரில் புகுந்த வீட்டில் வளைகாப்பு போட்டு, குறுக்குத்துறையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். முதலில் வேப்பிலைக் காப்பு, அப்புறம் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். இரண்டு கையிலும் முழங்கையை நோக்கி அடுக்கிக்கொண்டே போனார்கள். வளையல் சத்தம் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும், அதனால் பிரசவம் ஆகும்வரை கழற்றவே கூடாது என்று அவரவர் மாறி மாறிச் சொல்லிவிட்டுப் போனார்கள். வளையலையெல்லாம் தேடித் தேடி வாங்கியது அத்தை. அத்தனை வகைச் சோறும் கிளறியது அத்தை. ஆனால் வளையல் போடுகிற நேரத்தில் அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. மாமா இறந்தபிறகு அவள் கையில் வளையல் கிடையாது. அப்படிப்பட்ட கை சூலிக்கு வளையல் போடக் கூடாதாம். நான் இருந்த நாற்காலியிலிருந்தே சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். "சும்மா கெட. அப்பளம் கருகுது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. எண்ணெய் காய்கிற வாசமே இல்லை.

அம்மா வீட்டுக்கு வந்தபிறகு நான் பாதி தூக்கத்திலேயே இருந்தேன். எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஆறு. மதியம் படுத்தால் ஆற்றில் துணி துவைக்கும் சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். திரும்பிப் படுத்தால் என் வளையல் சத்தம். இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நான் மிதந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் வளையல் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன். கை உப்பி, வளையல்கள் ஒன்றோடொன்று இறுகி, சதைக்குள் பதிந்து நின்றன. "அம்மா, வளையல் இறுக்குது" என்றேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "சதை பிடிக்குதுட்டி! நம்ம வீட்டுச் சாப்பாடுல்லா!" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அக்கம்பக்கத்தில் வந்து பார்த்தவர்களும் இப்போதுதான் பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கிறாள் என்றார்கள். மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றித் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டேன். வளையலைத்தான் தொடக் கூடாதே. டாக்டரிடம் போகவேண்டிய நாள் செவ்வாய்க்கிழமையில் வந்தது. செவ்வாய்க்கிழமை வேண்டாம், அடுத்த வாரம் போகலாம் என்று விட்டார்கள். எனக்கும் எழுந்து சேலை மாற்றச் சோம்பலாக இருந்தது.

அப்புறம் நடந்ததில் பாதி எனக்குத் தெரியாது. தெரிந்த பாதியும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. தலைவலி. சுவரில் வெளிச்சப் புள்ளிகள் நீந்தின. ஆற்றுத் தண்ணீர் வெயிலில் மினுங்குவது அறைக்குள் எப்படி வந்தது என்று நிதானமாக யோசித்துக்கொண்டு கிடந்தேன். ஆறு வாசற்படி ஏறிப் பைய உள்ளே வந்து கட்டில் காலை நனைத்தது. எனக்குப் பயமே இல்லை. "அம்மா, தண்ணி வருது பாரு" என்று சொன்னேனாம். சொல்லும்போதே கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டதாம். ரத்த அழுத்தம் ஏறி வருகிற ஜன்னி அது. கை வீங்குவதும் கண்ணில் பூச்சி பறப்பதும் அதற்கு முன்னால் வரும் அடையாளங்கள் என்று எல்லாம் முடிந்தபிறகு டாக்டரம்மா சொன்னார். வளையல் ஒரு வாரமாக என் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துப் பூரித்துப்போய் இருந்திருக்கிறோம்.

அந்த வளையல்களை ஆஸ்பத்திரியில் துணி சுற்றி உடைத்தார்கள். அவசரத்தில் ஒரு சில்லு மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. பேச்சு மூச்சில்லாமல் கிடந்தவளுக்கு அதுவா தெரியும்? ஆனால் அந்தச் சத்தம் மட்டும் எப்படியோ எனக்குள் போயிருக்கிறது. பிள்ளை அழுத சத்தம் போகவில்லை. கண்ணாடி நொறுங்கிய சத்தம் போயிருக்கிறது. இதைவிட அநியாயம் உண்டா?

மகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். மணிக்கட்டுத் தழும்பில் விரல் வைத்து, "இது நான் வந்த வழியாம்மா?" என்று கேட்டுவிட்டு ஓடுவாள். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நான் சொன்னபோது வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் எல்லாரும் ஒன்றாகத் திறந்தார்கள். அம்மா போனிலேயே அழுதாள். "ஒண்ணு போதும்ட்டி. எனக்கு நீ வேணும்" என்றாள். என் கணவருக்குக் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை. அவ்வளவு உயரத்தில் ஏறிக் காற்றில் தொங்குகிற மனுஷன், இதைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்தார். "உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?" என்றார். எனக்கும் பயம்தான். குளித்துக்கொண்டிருக்கும்போது, வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது, திடீரென்று மணிக்கட்டுத் தழும்பைத் தடவிப் பார்க்கிற அளவுக்குப் பயம். ஆனால் அந்தப் பயத்தை விடப் பெரியதாக ஓர் ஆசை இருந்தது. ஒரு தடவையாவது என் பிள்ளையின் முதல் அழுகையை என் காதால் கேட்க வேண்டும். இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதனால் மகளுக்குத் துணை வேண்டும், அது இது என்று வேறு காரணங்களைச் சொன்னேன்.

டாக்டரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "திரும்ப வரும்னு சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது" என்றார். ராத்திரி ஒரு சின்ன மாத்திரை, வாரா வாரம் ரத்த அழுத்தம். தலைவலி, கண் மங்கல், காலையில் எழுந்தவுடன் கையிலோ முகத்திலோ வீக்கம், இதில் எது வந்தாலும் அந்த நிமிடமே கிளம்பி வர வேண்டும். "சீக்கிரம் வந்துட்டேன்னா முதுகில ஊசி போட்டு ஆபரேஷன் பண்ணலாம், முழிச்சிருப்பே, எல்லாம் கேக்கும். போன தடவை மாதிரி வந்தேன்னா மயக்கம்தான் குடுக்கணும்." மற்றதெல்லாம் மறந்து போனாலும் அந்த ஒரு வாக்கியம் எனக்கு மறக்கவில்லை. சீக்கிரம் வந்தால் கேட்கும். தாமதித்தால் கேட்காது. உயிர் இருந்தால்தானே காது என்பதும் அதற்குள்ளேயே இருந்தது.

இரண்டாவது பிள்ளைக்கு மாமியார் வீடு. அதுதான் வழக்கம். வளைகாப்பும் கிடையாது. வள்ளியூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைகள். வெள்ளை வெளேரென்று ஆளரவமில்லாத காட்டில் அவை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று இழுக்கும், அதைப் பார்த்தால் மற்றொன்று. மாசமாக இருந்த நாட்களில் நான் அவற்றைப் பார்த்தபடியே நின்று, நிற்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாமல் போய்விடுவேன். உள்ளே இருக்கிறதும் அந்தச் சுற்றுக்கு ஏற்றபடி புரளுவது போல இருக்கும். "ஏட்டி, காத்தைக் குடிச்சா வயிறு நெறையுமா? கீழ இறங்கு" என்று அத்தை படிக்கட்டு அடியிலிருந்து கத்துவாள்.

மாடியில் அப்படி ஒரு நாள் நிற்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. சந்தைக்கு அத்தையையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வளையல் கடைக்கார அம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "வளைகாப்புக்கா? டஜன் டஜனா எடுத்து வைக்கட்டா?" என்றாள். "ரெண்டாவது பிள்ளைக்கு என்ன வளைகாப்பு? இவளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கு" என்றாள் அத்தை. கைக்கு இரண்டாக நான்கே நான்கு பச்சை வளையல் எடுத்தேன். தொளதொளவென்று இருக்கக் கூடாது, இறுக்கவும் கூடாது. சிரமமில்லாமல் ஏறி, சிரமமில்லாமல் இறங்க வேண்டும். கடையிலேயே ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கிப் பார்த்ததில் அந்த அம்மாவுக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். தினமும் காலையில் எழுந்ததும் இதைக் கழற்றிப் பார்ப்பேன். கழன்றால் கை வீங்கவில்லை. கழலாவிட்டால் ஆஸ்பத்திரி.

அத்தை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "என்ன பேச்சு பேசுத? பிள்ளைத்தாச்சி கை வளையலைத் தினமும் கழட்டுவாளா? யாராச்சும் கேட்டா வாயில போடுவாவ."

"கழட்டாம வச்சிருந்து என்ன ஆச்சு அத்தை?"

அவள் என் மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தாள். பிறகு தன் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் வளையலைக் கழற்றிய காலையை அவள் நினைத்திருப்பாள். எனக்கு அது உறைத்தது. ஆனாலும் நான் விடவில்லை. நான் விடுகிற ஆளும் இல்லை.

முதல் சில நாட்கள் நானே கழற்றிப் பார்த்தேன். அத்தை பார்க்காத மாதிரிக் காப்பி ஆற்றிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் சட்டென்று டம்ளரை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ கழட்டினா அது எப்பவும் கழலும்ட்டி."

"ஏன்?"

"கட்டை விரலை உள்ள மடக்கி, பல்லைக் கடிச்சிக்கிட்டு இழுக்க. கழலணும்னு இழுக்க. நான் பாத்துட்டுத்தான இருக்கேன். உனக்கு நீயே பொய் சொல்லுத."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மை என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. இரண்டு நாளாக விரல் முட்டியில் கொஞ்சம் உரசியதைக் குளிரில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் என்ன குளிர்? "அப்போ நீங்களே கழட்டிப் பாருங்க" என்று கையை நீட்டினேன். கோபத்தில் நீட்டியதுதான்.

அத்தை ஒரு நிமிடம் தயங்கினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிறகு என் விரல்களைச் சேர்த்துப் பிடித்து, வளையலை ஒரு விரலால் மட்டும் தள்ளினாள். இழுக்கவில்லை. அது தானாக நகர்ந்து முட்டியைத் தாண்டி அவள் உள்ளங்கையில் விழுந்தது. "ம். நல்லாத்தான் இருக்க" என்றாள். அப்புறம் அதைத் திரும்பப் போட வேண்டுமே. நான் கையை மடக்காமல் நீட்டியபடியே நின்றேன். அவள் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, சட்டென்று போட்டுவிட்டாள். காப்பி ஆறிப் போயிருந்தது. அன்று அதைச் சுடவைத்துத் தரவே மறந்துவிட்டாள்.

அதிலிருந்து காலையில் அதுதான் முதல் வேலை. பல் விளக்கிவிட்டு அடுப்படியில் போய்க் கையை நீட்டுவேன். கொல்லைக் கதவு திறந்திருக்கும். தூரத்தில் காற்றாலை இறக்கைகள் வெயிலை நறுக்கி நறுக்கிப் போடும். அந்த வெளிச்சம் சுவரில் வந்து போய்க்கொண்டிருக்க, அத்தை என் கையைப் பிடித்து வளையலைத் தள்ளுவாள். அவள் விரல்களில் மஞ்சளும் புளியும் மணக்கும். எனக்கு மறுபடி தூக்கம் வரும். கண்ணை மூடிக்கொண்டே நிற்பேன். வளையல் கழன்று அவள் கையில் விழும் சத்தம் கேட்டால் இன்றைக்குப் பிழைத்தேன் என்று அர்த்தம். இந்த இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று வயிற்றுக்குள் ஒன்று உதைத்துக் கேட்கும்.

ஒரு முறை அம்மா பார்க்க வந்திருந்தாள். காலையில் அடுப்படிக்குள் வந்தவள், அத்தை எனக்கு வளையல் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். முகம் மாறியது. அத்தையின் கை நின்றது. "போடுங்க அத்தை. இன்னொரு கை இருக்கு" என்றேன். அம்மா கொல்லைக்குப் போய்க் கருவேப்பிலை பறித்துக்கொண்டு வந்தாள். யாரும் கருவேப்பிலை கேட்டிருக்கவில்லை.

ஆடிக் காற்று பிடித்தது. கதவு ஜன்னலெல்லாம் அடித்துக்கொண்டன. ஒன்பதாம் மாதம் பிறந்து சில நாள் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, வழக்கம்போலக் கண்ணை மூடிக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். வளையல் முட்டியில் நின்றிருந்தது. அத்தை இரண்டாம் முறை தள்ளிப் பார்க்கவில்லை. வளையலை மேலே ஏற்றிவிட்டு, "கெளம்பு" என்றாள்.

"நேத்து கருவாடு தின்னேன் அத்தை, உப்பு" என்றேன். "கை மேலேயே படுத்துட்டேன்" என்றேன். தலைவலி இல்லை, கண்ணில் பூச்சி இல்லை, வயிற்றில் பிள்ளை நன்றாகத்தான் உதைக்கிறது என்றேன். "முந்தா நாள்தான அழுத்தம் பாத்தாவ. நாளைக்குக் காலையில ஒரு தடவை பாப்போமே" என்றேன். அவ்வளவு பேசியதும் பயத்தில்தான். போனால் அது உண்மையாகிவிடுமே.

"நாளைக்குங்கிறது கெடையாது. சேலையை மாத்து."

என் கணவர் எங்கேயோ ஒரு காற்றாலை உச்சியில் இருந்தார், போன் எடுக்கவில்லை. எதிர் வீட்டு அண்ணாச்சி வாடகைக் கார் ஓட்டுகிறவர். அத்தை மகளை அவர் மனைவியிடம் விட்டுவிட்டு, அவரை இலையில் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுப்பிக் கூட்டி வந்தாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டே, "ஏக்கா, ராகு காலம்லா ஓடுது" என்றார். மளிகைக் கடைக்குப் போவதற்கே காலண்டரில் நேரம் பார்க்கிறவள் அத்தை. "அது இருந்துட்டுப் போவுது அண்ணாச்சி. நீங்க வண்டிய எடுங்க" என்றாள்.

நான்கு வழிச் சாலையில் காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. காற்றாலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அதில் எதிலாவது என் கணவர் இருப்பாரோ என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நாங்குநேரி தாண்டியதும் பனைமரங்கள் நிதானமாக வந்து நிதானமாகப் போயின. கார் ஓடவே இல்லை, நான் இருந்த இடத்திலேயே இருக்க நிலம்தான் நகர்கிறது என்று தோன்றியது. பழைய ஆறு வாசற்படி ஏறி வருகிறதா என்று உள்ளுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அத்தைக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தபடி வந்தாள். பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை விடவில்லை.

டாக்டரம்மா அழுத்தத்தைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், சிறுநீர் பரிசோதனை செய்யச் சொன்னார். "ஏற ஆரம்பிச்சிருக்கு. நாளைக்கு வந்திருந்தேன்னா நான் திட்டுறது கூட உனக்குக் கேட்டிருக்காது" என்றார். மாலைக்குள் ஆபரேஷன் என்று முடிவானது. "முழிச்சிருப்பேனா டாக்டர்?" என்றேன். "முழிச்சிருப்பே" என்றார். அழுதுவிட்டேன். அம்மா வந்து சேர்ந்தாள், கணவர் கிரீஸ் கறையோடு வந்து சேர்ந்தார், நான் அழுவதைப் பார்த்து அவரும் ஆரம்பித்தார்.

தள்ளுபடுக்கையில் ஏற்றும்போது நர்ஸ் என் கையைப் பார்த்தாள். "வளையலை எடுக்கணுமே. கழலுதா? இல்லேன்னா உடைச்சிடலாம்." துணியை எடுக்கப் போனாள். எனக்குக் கண்ணாடி நொறுங்குகிற சத்தம் காதுக்குள் கேட்டது. "உடைக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் நடையில் போனவர்களெல்லாம் திரும்பினார்கள். அழுத்தம் கூடும், கத்தாதே என்று அவளும் கத்தினாள்.

"ஒரு நிமிசம் குடு தாயி" என்றாள் அத்தை. பையிலிருந்த பழத்தைக் கீழே கொட்டிவிட்டு அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். என் கையில் அதைச் சுற்றி, கவருக்கு மேலே வளையலை வைத்துப் பைய நகர்த்தினாள். வலித்தது. "பல்லைக் கடிக்காத, கையை எங்கிட்ட விட்டுரு" என்றாள். விட்டேன். ஒன்று வந்தது. நர்ஸ் படுக்கையைத் தள்ள ஆரம்பித்துவிட்டாள். அத்தை கூடவே நடந்துகொண்டு, வந்ததை வைக்க இடமில்லாமல் தன் கையில் மாட்டிக்கொண்டு, அடுத்ததைக் கழற்றினாள். கதவுக்குள் போவதற்கு முன் நான்கும் கழன்றுவிட்டன. ஒன்றுகூட உடையவில்லை.

உள்ளே குளிர். முதுகில் ஊசி போட்டதும் கால்கள் என்னுடையதில்லை என்று ஆகிவிட்டது. நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணி கட்டினார்கள். துணிக்கு அந்தப் பக்கம் யாருக்கோ ஏதோ நடக்கிறது. இந்தப் பக்கம் நான் வெறும் காதாகக் கிடந்தேன். கத்தி கிண்ணத்தில் விழுவது, யாரோ செருமுவது, இயந்திரம் ஒன்று விட்டு விட்டுக் கூவுவது. ஆறு வந்தது. இந்த முறை வாசற்படி ஏறவில்லை. அங்கேயே நின்று, அம்மா வீட்டுத் தெருக்கோடிப் படித்துறையிலேயே தளும்பிக்கொண்டிருந்தது. தூங்கிவிடாதே, தூங்கிவிடாதே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். வயிற்றுக்குள் யாரோ பாத்திரம் கழுவுகிற மாதிரி ஓர் அசைவு. "எடுத்தாச்சு" என்றார் டாக்டரம்மா.

ஒன்றும் கேட்கவில்லை.

அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஒரு வாழ்நாள் அது. என்ன ஆச்சு, யாராவது பேசுங்கள் என்று கேட்க வாய் திறந்தேன்.

அழுதான். முதலில் ஓர் இருமல், தண்ணீர் போன கரகரப்பு. அப்புறம் ஒரு நீளமான, கோபமான கத்தல். மூச்சு வாங்க நிறுத்தி, யாரைக் கேட்டு என்னை எழுப்பினீர்கள் என்பது போல மறுபடியும். பூனைக்குட்டியும் இல்லை, தெரு கூடுகிற சத்தமும் இல்லை. அது என் கோபம். அப்படியே என் கோபம். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. "அசையாதேம்மா, தையல் போடணும்" என்று யாரோ அதட்டினார்கள்.

அறைக்குக் கொண்டுவந்தபோதும் அவன் நிறுத்தவில்லை. அம்மா வாங்கிப் பார்த்தாள், என் கணவர் தயங்கித் தயங்கி வாங்கிப் பார்த்தார், யாரிடமும் அடங்கவில்லை. அத்தை வந்து தூக்கினாள். தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தபோது கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. அவன் அழுகையை நிறுத்தினான். அந்தச் சத்தம் அவனுக்குப் பழக்கம்.

எல்லாரும் அத்தையின் கையைப் பார்த்தோம். நான்கு பச்சை வளையல்கள். அவளும் அப்போதுதான் பார்த்தாள். முகமெல்லாம் ரத்தம் ஏறிவிட்டது. "அய்யோ, அவசரத்துல... வைக்க எடமில்லாம..." என்று பிள்ளையை அவசர அவசரமாக அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வளையலைப் பிடித்து இழுத்தாள்.

அத்தையின் கை என் கையில் பாதிதான் இருக்கும். கையை உதறினாலே நான்கும் தரையில் விழுந்திருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். விரல்களை விரித்து வைத்துக்கொண்டு இழுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கழல மாட்டேங்குதுட்டி" என்றாள்.

"கழலலைன்னா விடுங்க அத்தை" என்றேன்.